தொண்ணூறு ரூபாய் நாற்பத்தெட்டு பைசா

தை மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபத்தாறு நிமிடத்துக்கு முந்நூறு லாட் டாலரை விற்றது நான்தான். முதலாளி அண்ணாச்சி விற்கச் சொல்லவில்லை. தொடாதே என்றார். தொட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆமத்தூரிலிருந்து சிவகாசி வரைக்கும் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கை தவறிப் பட்டனை அமுக்கிவிட்டேனாம். கம்ப்யூட்டர் கோளாறாம். பொம்பளை பயந்துபோய் விற்றுவிட்டாளாம். இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டால்தான் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறுகிறது. பயந்தவள் முதலாளி போட்ட உத்தரவை மீறுவாளா? பயந்தவள் வாயை மூடிக்கொண்டு அவர் வரும் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். சம்பளமும் மிஞ்சியிருக்கும்.

என் பெயர் வினோலியா. ஆமத்தூரைத் தாண்டி சிவகாசி ரோட்டில் இருக்கிற ஓர் அச்சகத்தில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதினேன். நோட்டுப் புத்தகம், காலண்டர், வெடிப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், எல்லாம் அங்கே அச்சாகும். முதலாளி பெத்தணன் அண்ணாச்சி. அச்சகம் தொடங்குவதற்கு முன்னால் பதினாறு வருஷம் வெடி ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், போர்மேனாக இருந்தவர். பைண்டிங்கில் ஐம்பத்திரண்டு பெண்கள். அவர்களில் பாதிப் பேர் முன்பு வெடி ஆபீசில் மருந்து அடைத்தவர்கள்தான்.

எல்லாம் ஒரு மிஷினில் ஆரம்பித்தது. ஜெர்மனியிலிருந்து பழைய ஆஃப்செட் மிஷின் ஒன்றை அண்ணாச்சி பேசி முடித்தார். விலை ஒரு லட்சம் டாலர். பணம் கட்ட நாலு மாதத் தவணை. அதற்குள் டாலர் ஏறிவிட்டால் மிஷினுக்குக் கூடுதல் ரூபாய் போகுமே என்று பேங்க் மேனேஜர்தான் ஒரு வழி சொன்னார். பங்குச் சந்தை மாதிரி டாலருக்கும் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, அதில் இன்றைய விலைக்கே டாலரை முன்கூட்டி வாங்கிப் போடுங்கள். ஒரு லாட் என்றால் ஆயிரம் டாலர். நூறு லாட் போதும். முழுப் பணம் வேண்டாம், மார்ஜின் என்று சிறு தொகை முன்பணமாகக் கட்டினால் போதும். டாலர் ஏறினால் மிஷினில் கூடுதலாகப் போகிறது இங்கே லாபமாக வந்துவிடும். இறங்கினால் இங்கே போகிறது மிஷினில் மிச்சமாகிவிடும். மொத்தத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, ராத்திரி தூக்கம் வரும்.

நல்ல யோசனை. நானே போய் எல்லாப் பேப்பரையும் முடித்தேன். கம்பெனி சார்பில் வாங்கவும் விற்கவும் அதிகாரம் என் பெயரில்தான் எழுதிக்கொடுத்தார் அண்ணாச்சி. அவருக்குக் கம்ப்யூட்டர் ஆகாது.

நாலு மாதத்தில் டாலர் ஏறத்தான் செய்தது. மிஷினுக்குக் கூடுதலாக ஒரு லட்சத்து எழுபதாயிரம் போனது. எக்ஸ்சேஞ்ச் கணக்கில் அதே ஒரு லட்சத்து எழுபதாயிரம் வந்தது. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் மனுஷன் கண்ணுக்குப் போனது தெரியவில்லை, வந்தது மட்டும்தான் தெரிந்தது. சிவகாசியில் பார்க்கிற ஆளிடமெல்லாம், "உக்காந்த எடத்துல ஒன்னே முக்கா லட்சம்யா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அது லாபமே இல்லை அண்ணாச்சி என்று மூன்று தடவை பேப்பரில் எழுதிக் காட்டினேன். நான்காவது தடவை காட்டவில்லை.

மிஷின் வந்து இறங்கியாயிற்று. இனி நமக்கு டாலர் எதற்கு? கணக்கை மூடிவிடலாம் என்று நான் சொன்ன அன்றுதான், முந்நூறு லாட் வாங்கு என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி? கட்ட வேண்டியதைக் கட்டியாச்சே."

"அடுத்த மிஷினு வருதுன்னு வச்சுக்கோ."

"வருதா?"

"வந்தா வருது. தொழில் தேவைக்குத்தான் வாங்குறோம்னு ஒரு உறுதிமொழி கேப்பாகள்ல, அதுல எழுதிக் குடுப்போம். நீ ஏன் தாயி எல்லாத்துக்கும் நோண்டுற? டாலரு என்னைக்காச்சும் எறங்கிருக்கா? நான் பொறந்தப்ப எட்டு ரூவா. இப்ப தொண்ணூத்தி ஒன்னு. சரக்க வாங்கிக் குடோன்ல போடு. தீவாளிக்கு வெல வந்தே தீரும்."

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பட்டாசில் பிறந்து பட்டாசில் வளர்ந்தவர்களுக்குச் சரக்கு என்றால் குடோனில் கிடப்பது. ஆடியில் விலை இல்லையா, கிடக்கட்டும், ஐப்பசியில் விலை வரும். இந்த வருஷம் போகவில்லையா, அடுத்த தீபாவளிக்குப் போகும். பொறுத்துக் கிடந்தவன் கெட்டதில்லை என்று வட்டாரத்தில் எல்லாருமே நம்புகிறார்கள். பட்டாசில் அது உண்மையும்தான். ஆனால் எக்ஸ்சேஞ்சில் வாங்குகிற டாலர் குடோனில் கிடக்காது. மாதக் கடைசியில் கணக்குத் தீர்ந்துவிடும். வேண்டுமென்றால் அடுத்த மாதத்துக்கு மறுபடி வாங்க வேண்டும். அதற்கு நடுவில் தினமும் சாயங்காலம், அன்றைக்கு இறங்கிய காசை எக்ஸ்சேஞ்சுக்காரன் நம் கணக்கிலிருந்து எடுத்துவிடுவான். தீபாவளி வரைக்கும் பொறுத்திருக்கலாம், பணம் அதுவரைக்கும் மிச்சமிருந்தால்.

இதையும் சொன்னேன். "சரி சரி, மாசா மாசம் மாத்திப் போடு" என்றார்.

முந்நூறு லாட்டுக்கு மார்ஜின் ஏழு லட்சம் வேண்டும். பணம் எங்கே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அந்தப் பொங்கல் சீட்டுப் பணம் சும்மாதான கெடக்கு."

பங்குனிப் பொங்கல் எங்கள் பக்கத்தில் தீபாவளியை விடப் பெரிது. அம்மன் கோயிலில் விழாவை அறிவிக்கிற சாட்டு, முளைப்பாரி, வெளியூரில் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் வந்து சேர்வது, சீலை, கறி, எல்லாம் அதில்தான். அதற்காகப் பைண்டிங் பெண்கள் ஆளுக்கு வாரம் முந்நூறு ரூபாய் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவைப்பார்கள். வருஷம் முழுக்கச் சேர்ந்த பணத்தை, பங்குனி பிறந்ததும் அச்சகத்தில் மொத்தமாகத் தருவோம். நான் கிறிஸ்தவச்சி, எனக்குச் சாட்டு கிடையாது. ஆனால் அந்தப் பணத்தை எண்ணிக் கவரில் போட்டு ஒவ்வொருத்தி கையிலும் கொடுக்கிற நாள், வருஷத்தில் எனக்குப் பிடித்த நாள். மார்கழிக் கடைசியில் அதில் ஆறு லட்சத்துச் சொச்சம் இருந்தது.

மாட்டேன் என்றேன். அவர் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் அவர் இறங்கிவந்து, தன் பணம் இரண்டு லட்சம் சேர்த்துப் போடுகிறேன், நட்டம் வந்தால் முதலில் அதில்தான் போகும், பங்குனிக்கு முன்னால் சீட்டுப் பணத்தை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறேன் என்றார். அப்போதும் மாட்டேன் என்று எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. நான் இல்லாவிட்டால் வேறு எவனையாவது வைத்து வாங்கிவிடுவார், நான் இருந்தால் ஒரு கட்டுக்குள்ளாவது வைத்திருப்பேன் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சரி, வாங்குறேன். ஆனா வெடி ஆபீஸ் சட்டம் போடுவோம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெடி ஆபீஸ் பேச்சை எடுத்தாலே அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். மருந்து அறைகள் ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு பலகை எழுதியிருக்கும்: இந்த அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இத்தனை கிலோ மருந்துக்கு மேல் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும், வேலை நடக்கும்போது தாழ் போடக் கூடாது. போர்மேன் வெளியே என்றால் எல்லாரும் வெளியே. முதலாளியே உள்ளே இருந்தாலும் வெளியே. ஒரு தடவை அப்படி முதலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்ததாகவும், அன்றைக்கு அறையில் ஒன்றுமே ஆகவில்லை என்றும், ஆனாலும் முதலாளி தன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றும் அண்ணாச்சி பெருமையாகச் சொல்வார்.

"அப்ப இந்தக் கம்ப்யூட்டருக்கு நீதான் போர்மேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

சிரிப்போடு விடவில்லை நான். அச்சகத்திலேயே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் அடித்து, அவர் கையெழுத்தையும் வாங்கி, கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டினேன். முந்நூறு லாட்டுக்கு மேல் கூடாது. நட்டத்தில் இருக்கும்போது மேற்கொண்டு வாங்கக் கூடாது. விலை தொண்ணூறு ரூபாய் எண்பது பைசாவுக்கு வந்தால் விற்றுவிட்டு வெளியே.

நாங்கள் வாங்கியது தொண்ணூற்றொன்று இருபதுக்கு. டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் மூன்று லட்சம் போகும். நாற்பது பைசா இறங்கியதும் வெளியே வந்துவிட்டால் ஒரு லட்சத்து இருபதாயிரத்தோடு முடியும். அது அண்ணாச்சியின் இரண்டு லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும், சீட்டுப் பணத்தைத் தொடாது. இரண்டு ரூபாய் இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் ஐம்பத்திரண்டு வீட்டுப் பொங்கல் பணத்தில் நாலு லட்சம் காலி. கம்ப்யூட்டரிலும் ஒரு ஆர்டர் போட்டு வைத்தேன்: விலை தொண்ணூறு எண்பதைத் தொட்டால் விற்றுவிடு, ஆனால் எழுபத்தைந்துக்குக் கீழே விற்காதே.

மூன்று வாரம் டாலர் ஏறியது. தொண்ணூற்றிரண்டைத் தொட்டது. அண்ணாச்சி ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து, "எங்கன நிக்குது?" என்பார். விற்றுவிடுவோமே என்றால், "தொண்ணூத்தஞ்சுக்குப் பாப்போம்" என்பார். ஏறும்போது எங்கே இறங்குவது என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் விருதுநகரிலிருந்து பஸ்சில் வரும்போதே போனில் செய்தி வந்துவிட்டது. ராத்திரி வெளிநாட்டில் ஏதோ ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, ரூபாய் துள்ளப்போகிறது, டாலர் விழப்போகிறது என்று. ஆபீசுக்கு ஓடிப்போய் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒன்பது மணிக்குச் சந்தை திறந்தது.

முந்தின நாள் தொண்ணூற்றொன்று ஐம்பதில் முடிந்த டாலர் தொண்ணூறு ஐம்பத்தைந்தில் திறந்தது. நடுவில் எந்த விலையிலும் நிற்கவில்லை. படியில் இறங்கி வரும் என்று நினைத்து ஒரு படியில் நான் காவல் வைத்திருக்கிறேன், அது மாடியிலிருந்து நேராகக் குதித்துவிட்டது. எழுபத்தைந்துக்குக் கீழே விற்காதே என்று நானே சொல்லிவைத்த ஆர்டர், விற்காமல் அப்படியே தொங்கியது. ஏற்கெனவே இரண்டு லட்சம் போயாயிற்று. இனிமேல் போகிற ஒவ்வொரு பைசாவும் பைண்டிங் பெண்களின் பணம்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஆனைக்குட்டம் பக்கம் யாரையோ பார்க்கப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பவே விக்கணும் அண்ணாச்சி."

"இரு இரு. எவ்வளவுல விக்க?"

"கெடைக்கிற வெலைக்கு. அம்பது, நாப்பத்தெட்டு, அப்படி."

"நம்ம அட்டையில என்ன போட்ருக்கு? எம்பதுதான? எம்பது வரட்டும். வந்ததும் வித்திரு. அதுக்குக் கம்மியா விக்க நான் எங்க கையெழுத்துப் போட்டேன்?"

எண்பதில் வெளியே போ என்று எழுதினால், எண்பதைத் தாண்டிப் போய்விட்டதால் இனி போக வேண்டாம் என்று அர்த்தமா? தீப்பிடித்த அறைக்குள் நின்றுகொண்டு, முதல் பொறி விழுந்தபோது ஓடியிருக்க வேண்டும், இப்போது நேரம் கடந்துவிட்டது, அதனால் உட்காருவோம் என்று எந்தப் போர்மேனாவது சொல்வானா?

"அண்ணாச்சி, எம்பது வரும்னு யாரு சொன்னா?"

"வரும். விழுந்த வேகத்துலயே எந்திரிக்கும். இன்னும் சொல்லப்போனா இப்பத்தான் வாங்கணும். வெல கம்மியா இருக்கு. கூட ஒரு முந்நூறு போடு. பணம் நான் வந்து ஏற்பாடு பண்றேன். அரை மணி நேரத்துல வந்துருவேன், நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத. கேட்டியா? தொட்ட, நடக்குறதே வேற."

போனை வைத்துவிட்டார்.

திரையில் ஐம்பத்தொன்று. ஐம்பத்து மூன்று. நாற்பத்தொன்பது. ஜன்னல் வழியாகப் பைண்டிங் தெரிந்தது. பள்ளிக்கூட நோட்டு ஆர்டர் ஒன்று மதியத்துக்குள் லோடு ஏற வேண்டும் என்று பெண்கள் குனிந்த தலை நிமிராமல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலை போய்விடும் என்று நன்றாகத் தெரிந்தது. வீட்டுக் கடனில் இன்னும் ஏழு வருஷம் பாக்கி இருக்கிறது, என் வீட்டுக்காரர் ஜெயசுந்தர் தனியார் பள்ளிக்கூட வாத்தியார், அந்தச் சம்பளத்தில் மட்டும் குடும்பம் ஓடாது, இதெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் வரிசையாக மனசில் வந்து போயின. பழைய ஆர்டரை ரத்து செய்தேன். முந்நூறு லாட், சந்தை விலைக்கு, விற்பனை. உறுதியா என்று கேட்டது கம்ப்யூட்டர். அமுக்கினேன்.

தொண்ணூறு ரூபாய் நாற்பத்தெட்டு பைசா. நட்டம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். எழுதி வைத்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அண்ணாச்சி வந்தபோது மணி பத்து. வாசலில் கார் கதவை அறைந்த சத்தத்திலேயே, விற்பனைத் தகவல் அவர் போனுக்குப் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். பைண்டிங் வழியாகத்தான் உள்ளே வந்தார். வரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஒன்னயத் தொடாதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக."

"பெறகு எந்தத் தைரியத்துல வித்த?"

"நீங்க குடுத்த தைரியத்துலதான். நான்தான போர்மேன்? முதலாளி சட்டையைப் புடிச்சு இழுத்துட்டு ஓடி வந்தேன்னு பெருமையா சொல்வீகள்ல, இப்ப ஒங்க சட்டைன்னதும் வலிக்குதோ?"

அவர் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. நேராகத் திரையைக் காட்டினார். விலை அறுபத்திரண்டு. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே எழுபது. பதினொன்றேகாலுக்கு எண்பத்தைந்து.

ஆமாம். ஏறியது. அவர் சொன்ன எண்பது வந்தது, அதைத் தாண்டியும் போனது. இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் நட்டம் பாதியாகியிருக்கும். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் என்னால் கூடுதலாகப் போனது. இதில் நான் ஒளிக்க ஒன்றுமில்லை.

இதைக் கேட்டதும் எல்லாரும், அடுத்த வாரம் டாலர் எங்கே போனது, அதற்கடுத்த வாரம் எங்கே போனது என்று கேட்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். இறங்கியது என்றால், அப்பாடா, வினோலியா செய்தது சரி என்பீர்கள். ஏறியது என்றால் தப்பு என்பீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். ஒன்பது இருபத்தாறுக்கு எனக்கு என்ன தெரியுமோ அதை வைத்துத்தான் நான் விற்றேன். அடுத்தவர் பணம் உள்ளே இருந்தது, குறித்து வைத்த கோடு தாண்டிப் போய்விட்டது, முதலாளி மேற்கொண்டு முந்நூறு வாங்கச் சொல்கிறார். இந்த மூன்றும் தெரிந்த பிறகும் விற்காமல் உட்கார்ந்திருந்து, அதற்கப்புறம் விலை ஏறியிருந்தால், அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. இன்னொரு தடவை அதே காலை வந்தாலும் அதே பட்டனை அமுக்குவேன்.

அண்ணாச்சி பைண்டிங்கைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். குரலை வேண்டுமென்றே உயர்த்தினார்.

"ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம்! ஒரே அமுக்குல தொலைச்சுட்டா! இந்தப் பணத்த இவ சம்பளத்துலதான் புடிக்கணும்!"

பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பைண்டிங்கில் மூத்தவள் சண்முகத்தாய். வெடி ஆபீசில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவள், குரலே உயர்த்த மாட்டாள்.

"எந்தப் பணம்?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

"ஒங்க பொங்கல் சீட்டுப் பணம்க்கா. மார்கழியிலயே டாலர் வாங்குறதுக்குப் போட்டாச்சு. அண்ணாச்சி பணம் ரெண்டு லட்சமும் சேந்து கெடந்துச்சு. நட்டம் போக மிச்சம் கணக்குல இருக்கு. மொத நட்டம் அண்ணாச்சி பணத்துலதான் போகணும்னு பேச்சு. அப்படிப் பாத்தாலும் ஒங்க பணத்துல பதினாறாயிரம் கொறையுது."

அழகுமீனா என்று ஒருத்தி, போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள், கையிலிருந்த நோட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். யாரும் கோஷம் போடவில்லை, யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு பேரும் வெளியே போய், லோடு ஏற்ற நின்றிருந்த லாரிக்கு முன்னால் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அண்ணாச்சி பின்னாலேயே போனார். "ஏத்தா, பதினாறாயிரம் ஒரு பணமா? பங்குனிக்கு நான் தரமாட்டனா? இன்னைக்கு லோடு போகலன்னா ஆர்டரு போயிரும்" என்று கெஞ்சினார்.

"பதினாறாயிரம் வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் சண்முகத்தாய். "மொத்தமும் வேணும். இன்னைக்கே."

"இன்னைக்கேன்னா எங்கன போறது?"

"அது ஒங்க பாடு."

யாரிடமும் போய் நிற்கவேண்டியிருக்கவில்லை. இதுதான் என் வயிற்றெரிச்சல். அவர் காரை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனார். மூன்றே மணி நேரத்தில் திரும்பி வந்தார், மஞ்சள் பையில் ஆறரை லட்சத்துச் சொச்சத்தோடு. வட்டிக்கு வாங்கவில்லை, நகையை வைக்கவில்லை. அவர் பெயரிலேயே இன்னொரு பேங்கில் கிடந்த பணம். அத்தனை நாளும் அவரிடம் பணம் இருந்திருக்கிறது. நட்டம் வந்தால் தன் பணம் இரண்டு லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதான் இந்தப் பெண்களின் பணத்தை எடுத்திருக்கிறார். பெயர்தான் சும்மா கிடந்த பணம்.

நான்தான் எண்ணிக் கொடுத்தேன். ஆளுக்குப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. வழக்கமாகக் கவரை வாங்கும்போது ஒவ்வொருத்தியும் ஏதாவது கிண்டல் பேசுவாள். அன்றைக்கு யாரும் பேசவில்லை. வாங்கினார்கள், என் கண் முன்னாலேயே ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்கள், போய் லோடு ஏற்றினார்கள். சாயங்காலம் அண்ணாச்சி என்னை இனிமேல் வர வேண்டாம் என்றார். வரப்போவதில்லை என்றேன். அன்றைய நாள் வரைக்கும் சம்பளத்தைக் கணக்குப் போட்டு, ஒரு ரூபாய் பிடிக்காமல் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஆமத்தூர் போனேன். வேலை முடிந்து பெண்கள் பஸ் ஸ்டாப்புக்கு வருகிற நேரம். புதுச் சீட்டு ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அண்ணாச்சி கையில் கொடுக்கமாட்டார்கள் என்று தெரியும். யார் எழுதப்போகிறார்கள்? நான் எழுதுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். உண்மையைச் சொன்னால், அவர்களாகவே என்னைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

"நான் எழுதித் தாரேன்க்கா. வாராவாரம் வந்து எழுதுறேன். சம்பளம் ஒன்னும் வேண்டாம்" என்றேன் சண்முகத்தாயிடம்.

அவள் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "தபாலாபீசுல ஆளுக்கு ஒரு புஸ்தகம் போட்டாச்சு தாயி. அவங்கவங்க பேர்ல."

"அப்படியா. நல்லதுதான். ஆனா எல்லாருக்கும் சேத்து ஒரு கணக்கு..."

"வேண்டாம்" என்றாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. "நீ திருடின்னு நாங்க சொல்லல. எங்க பணத்துக்காகத்தான் ஒன் வேலை போச்சு, அதுவும் தெரியும். ஆனா மார்கழியில இருந்து தை மாசம் வரைக்கும் தெனமும் எங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உள்ள போன. சாப்பிட்டீகளாக்கான்னு கேட்ட. எங்க பணத்த வச்சு ஆடுறாகன்னு ஒரு நாளு சொல்லல. மருந்து ரூமுல நெருப்பு இருக்குன்னு தெரிஞ்சா, மொதல்ல உள்ள இருக்கவகளுக்குத்தான சொல்லணும்?"

"கட்டுக்குள்ள வச்சிருந்தேன்க்கா. கோடு தாண்டுன ஒடனே..."

"ஒனக்குத் தெரியும் கோடு. எங்களுக்குத் தெரியாதே."

ஒரு வருஷம் கொடுத்துப் பாருங்கள், நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கே தெரியும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி போனில் என்னிடம் கேட்டதும் இதைத்தான். கொஞ்சம் பொறு, வந்துவிடும். எனக்கு அதைக் கேட்க நேரமில்லை, இவர்கள் மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்?

விருதுநகர் பஸ் வந்தது. சரிக்கா என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வந்து சேரும் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அவர்கள் செய்ததில் ஒரு பைசா தப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.